சின்னம்மா வைத்த கண்வலிக்கொடி

காலை நடையை முடித்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நாம் உட்காரும்போது, இப்போதெல்லாம் பேச்சு மூட்டுவலியில் தொடங்கி மாடித் தோட்டத்தில் போய் முடிகிறது. யார் வீட்டில் எந்தக் கொடி பூத்தது என்று ஆளுக்கொரு படம் காட்டுகிறீர்கள். நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் உங்களில் ஒருத்தி, கூரியரில் வரவழைத்த கிழங்கு முளைத்துக் கொடியாகிப் பூவும் விட்டுவிட்டது என்று கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மஞ்சளும் சிவப்புமாக, இதழ்களைப் பின்பக்கம் மடித்துக்கொண்டு, அடுப்பில் தீ கொழுந்து விடுவதுபோல ஒரு பூ. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அவளுக்கு மனத்தாங்கல் என்று பிறகு கேள்விப்பட்டேன். பொறாமை என்றுகூட நினைத்திருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது கண்வலிப்பூ. கார்த்திகைப்பூ என்றும் சொல்வார்கள். பள்ளியில் தமிழ் வாத்தியார் காந்தள் காந்தள் என்று உருகுவாரே, அதுவும் இதுதான். அதன் கிழங்கு கடும் விஷம். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கொடியை நினைத்து நினைத்து நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு நாலு. அம்மா காய்ச்சலில் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முத்தியால்பேட்டையில் மதாம் ஒருவரின் வீட்டுப் பின்பக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். மதாம் என்றால் வெள்ளைக்காரி என்று நினைக்க வேண்டாம், நம்மைப் போன்றவர்தான். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டு அம்மாக்களை இந்த ஊரில் எப்படிக் கூப்பிடுவோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அறை, ஒரு அடுக்களை, பின்னால் கிணற்றோடு கொஞ்சம் தோட்டம்.

அப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு பேட்டரிப் பட்டறையில் வேலை செய்தார். பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத்தை உருக்கி, புதிய தகடுகள் வார்ப்பார்கள். சைக்கிளில் வந்து இறங்கும்போது சட்டை, புருவம், காது மடல் எல்லாம் சாம்பல் பூத்திருக்கும். இறங்கியதும் அந்தக் கையாலேயே என் தலைமுடியைக் கலைத்துவிடுவார். மீந்த காரீயத்தில் மீன், படகு, வாத்து என்று விரல் அளவுக்கு வார்த்துத் தம்பிக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அவற்றின் கனம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. தம்பி ஒரு மீனை வாயில் அதக்கிக்கொண்டேதான் தூங்குவான்.

வைகாசியில் அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். சின்னம்மா கனகசெட்டிக்குளம் பக்கத்தில் சவுக்குத் தோப்பு வைத்திருந்த குடும்பத்துப் பெண். அப்பாவைவிட நிறைய இளையவள். ஒரு தகரப் பெட்டியும் ஈரச் சாக்கு ஒன்றும் கொண்டுவந்தாள். பெட்டியில் நாலு புடவை. சாக்கில் வேரும் குச்சியும் கிழங்குமாகக் கொடிகள்.

அதுவரை எங்கள் தோட்டத்தில் அம்மா வைத்த கனகாம்பரமும் துளசியும்தான். சின்னம்மா அவற்றைத் தொடவில்லை. சுவரோரம் சவுக்குக் கழிகளை நட்டு, குறுக்கே கயிறு கட்டி, எதையெதையோ ஏற்றிவிட்டாள். சீப்புப் பல்போல இலையும் ரத்தத் துளிபோலப் பூவும் உள்ள மயில்மாணிக்கம். இதழ் மேல் இதழாக அடுக்குச் சங்குப்பூ. மாலையில் வெள்ளையாக விரிந்து மறுநாள் ரோஜா நிறமாகி அதற்கடுத்த நாள் சிவந்துவிடும் ரங்கூன் மல்லி. இதையெல்லாம் பார்த்துவிட்டு மதாமே தன் முன்வாசலில் இருந்து கடிகாரப்பூக் கொடியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். "இது ஆண்டவர் சிலுவையில பட்ட பாடு. இதோ முள்முடி, இதோ ஆணி" என்று பூவின் உள்ளே விரலை வைத்துக் காட்டினார். தெருவில் போகிறவர்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பா கை கால் கழுவக்கூட மறந்து கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

கண்வலிக்கொடியை மட்டும் சின்னம்மா தனியாக, மூலையில், செங்கல் அடுக்கிச் சுற்றிலும் முள் வைத்து நட்டாள். இலையின் நுனியே சுருண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறும்.

"பாரு, விரலால புடிக்கற மாதிரி புடிக்குது பாரு" என்று எனக்குக் காட்டினாள். "பூவப் பாக்கலாம். கெழங்கு மண்ணுக்குள்ள இருக்குது, அது விசம். அதத் தொடக் கூடாது. தம்பிய இந்தப் பக்கம் வுடாத, இன்னா?"

"விசம்னா எதுக்கு வெச்சீங்க?"

அவள் சரிந்த முள்ளை நிமிர்த்தி வைத்தாள். "எங்க வேலி பூரா இதான். பொறந்ததுலேர்ந்து பாக்கறேன். இந்தப் பூ இல்லாம இங்க எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

முதல் பூ ஆவணிக் கடைசியில் விரிந்தது. அதை முதலில் பார்த்தது அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா, அடுத்த தெரு. அம்மா போனபிறகு சின்னம்மா வரும்வரை எங்களுக்குச் சோறு போட்டுத் தலை வாரிவிட்டவள் அவள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள். அன்றைக்கு வாழைப்பூ கொண்டுவந்தவள், தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இன்னாடி இது? கண்வலிக்கெழங்கா?"

"ஆமா அண்ணி. பூ நல்லா இருக்கும்னு..."

"பூவா? எங்க மாமியார் ஊருல ஒருத்தி இதத் தின்னுட்டுதான் போய்ச் சேந்தா. புள்ளைங்க இருக்கற வூட்ல வெக்கற செடியா இது?"

"சுத்தி முள்ளு போட்டிருக்கேன் அண்ணி."

அத்தை அதற்குமேல் அவளிடம் பேசவில்லை. போகும்போது வாசலில் என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அவள் வாயில் வெற்றிலை மணந்தது. "உங்கப்பன் தட்டுல அவ இன்னா போடுறான்னு கண்ணு வெச்சிக்கிட்டே இரு. நீதான் பெரியவ. புரியுதா?" என்றாள். புரிகிறது என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியே இல்லாமல் போனது.

புரட்டாசியில் அப்பாவுக்கு வயிற்றுவலி வந்தது. சும்மா வலி இல்லை. வேலையிலிருந்து வந்து முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு தரையில் சுருண்டுவிடுவார். முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டும். வாந்தி எடுப்பார். நாள்கணக்கில் வெளிக்குப் போகாது. நாட்டு மருந்து, விளக்கெண்ணெய், சோடா எதற்கும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, "வாயெல்லாம் ஒரு மாதிரி இனிக்குது" என்பார். அதை அத்தையும் கேட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியும்.

நான் கண் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அடுக்களை வாசலில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, சின்னம்மா அம்மியில் என்ன வைக்கிறாள், எந்த டப்பாவைத் திறக்கிறாள் என்று பார்ப்பேன். மிளகாய், கொத்தமல்லி, புளி. வேறெதையும் பார்த்ததில்லை. ஆனால் நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில்? நான் கிணற்றடிக்குப் போன நேரத்தில்? பார்த்துக்கொண்டே இருந்தாலும் போதவில்லை.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. அப்பா தட்டின் முன் உட்கார்ந்ததும் பக்கத்தில் போய், "அப்பா, மொத வாய் எனக்கு" என்று வாயைத் திறந்தேன். அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம்! அம்மா போனதிலிருந்து நான் அப்படி ஒட்டியதே இல்லை. உருட்டி ஊட்டிவிட்டார். விழுங்கிவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். வயிற்றில் கை வைத்து, ஏதாவது குத்துகிறதா என்று காத்திருந்தேன். அப்பா மெதுவாகச் சாப்பிடும் ஆள். எனக்கு ஏதாவது ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிடலாம் என்பது என் கணக்கு. அப்படி ஆனால் நான் என்ன ஆவேன் என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும்போதுகூட நாக்கு இனிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ராத்திரிச் சோற்றுக்கு இந்த வழி சரி. பட்டறைக்குக் கொண்டுபோகும் கேரியருக்கு? காலையில் சின்னம்மா தண்ணீர் சேந்தப் போகும் நேரம் பார்த்து, மூடியைத் திறந்து ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் எடுத்துத் தின்றேன். ஒருநாள் அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

கையில் குழம்புச் சோற்றோடு நான் நின்றேன். அவள் குடத்தை இறக்காமல் நின்றாள்.

"பசிக்குதா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் இடது கை தானாக வயிற்றில் இருந்தது. அதையும் பார்த்தாள். ராத்திரியில் நான் கேட்கும் முதல் வாயும் அப்போது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். குடத்தை இறக்கி வைத்தாள். அடிப்பாள், அப்பாவிடம் சொல்வாள், அத்தையிடம் சண்டைக்குப் போவாள் என்றெல்லாம் பயந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, கேரியரின் எல்லா அடுக்குகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கை எடுத்து என் கண்ணெதிரே மென்று விழுங்கினாள். கையைக் கழுவிக்கொண்டு மூடினாள்.

"நாளையிலேர்ந்து நான் மொதல்ல சாப்புடுறேன். நீ பாத்துக்கினு இரு" என்றாள். "உனக்கு வவுறு வலிச்சா எங்கிட்ட சொல்லு. அத்தகிட்ட ஓடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து சொல்லு."

அதன்பிறகு ஒவ்வொரு வேளையும் அது நடந்தது. அவள் ஒரு வாய், நான் ஒரு வாய், அப்புறம் அப்பாவுக்கு. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாதான் மெலிந்துகொண்டே போனார். மணிக்கட்டு சோர்ந்து, டம்ளர்கூடக் கையிலிருந்து நழுவியது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக்குள் தண்ணீர் வந்து சில நாள் மூடிவிட்டார்கள். அந்த நாட்களில் அத்தை அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டாள். அங்கே போனதும் அவருக்கு வலி குறைந்தது. வாந்தி நின்றது. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று அத்தை தெரு முழுக்கச் சொன்னாள். மழை விட்டது, பட்டறை திறந்தார்கள், அப்பா எங்களிடம் திரும்பி வந்தார், வேலைக்குப் போனார். சில நாட்களில் மறுபடியும் தரையில் சுருண்டார்.

இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? மழையையும் பட்டறையையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சோற்றை மட்டும்தான் எல்லோரும் பார்த்தோம்.

அத்தை வந்தாள். பின்னால் மாமா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அந்தக் கெழங்க மொதல்ல தோண்டி எடு" என்றாள் அத்தை.

சின்னம்மா முள்ளை விலக்கி, ஈர மண்ணைக் கிளறினாள். கொடியில் அப்போது ஏழெட்டுப் பூக்கள் இருந்தன. கொடி சரிந்து சேற்றில் விழுந்தது. கலப்பை மாதிரி இரண்டாகக் கிளைத்த கிழங்குகளைத் தேங்காய் ஓட்டில் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இதான் எல்லாம் அண்ணி. எடுத்துக்கினு போங்க."

அத்தை பின்வாங்கினாள். "இதான் எல்லாம்னு எப்புடி நம்புறது? உள்ள எங்கயாவது எடுத்து வெச்சிருந்தா?" பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "எழுந்திருடா. நீயும் புள்ளைங்களும் எங்கூட வாங்க. அவ பொறந்த வூட்டுக்குச் சொல்லி அனுப்பிக்கலாம்."

தம்பி சின்னம்மாவின் ஈரப் புடவையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அத்தை என் கையைப் பிடித்தாள். நான் இழுத்துக்கொண்டேன்.

"நான் வரல அத்த. நான்தான் தெனம் மொதல்ல சாப்புடுறேன். எனக்கு ஒண்ணும் ஆவல."

"இன்னா சொல்ற?"

"அப்பா தட்டுலேர்ந்து மொத வாய் நான்தான் திங்கறேன். கேரியர்லயும் திங்கறேன். அதுக்கு முன்னாடி சின்னம்மா திங்கறாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவல அத்த."

இதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அத்தையின் முகம் மாறியது. ஆனால் நான் நினைத்தபடி இல்லை. "புருசனுக்கு முன்னாடி இவ சாப்புடுறாளா? இது வேறயா?" என்றாள்.

அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்தார். "மொத வாய் கேட்டது அதுக்குத்தானா பாப்பா?" என்று கேட்டார். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அக்காவோடு போய்விட்டார். 'என் பொண்டாட்டி அப்படிப்பட்டவ இல்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நோயாளி, வலி, அக்காமேல் மரியாதை என்று அவருக்காக நானே பல தடவை வாதாடிப் பார்த்துவிட்டேன். என் பேரனுக்கு இப்போது அப்போதைய அப்பாவின் வயது ஆகப்போகிறது. இன்னும் அந்த வாதம் எனக்கே எடுபடவில்லை.

நானும் தம்பியும் சின்னம்மாவோடு இருந்தோம். அத்தை முன்னால் அவ்வளவு தைரியமாகப் பேசியவள்தான் நான். ஆனாலும், 'உள்ள எங்கயாவது எடுத்து வெச்சிருந்தா' என்ற சொல் முள்போல உள்ளே தங்கிவிட்டது. சின்னம்மா வெளியே போனபோது அரிசிப் பானையில் முழங்கை வரை விட்டுத் துழாவினேன். பாயை உதறினேன். தகரப் பெட்டியைத் திறந்தேன். புடவை மடிப்பில், துணியில் முடிந்து, கணு கணுவாக ஒரு காய்ந்த கிழங்கு இருந்தது.

அதைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு மதாமிடம் ஓடினேன். வேறு யாரிடம் ஓடுவது? மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மோந்தார்.

"வசம்புடி இது. உன் தம்பிக்கு வயிறு உப்பினா சுட்டு உரசித் தடவுறாளே, அது. எங்கிட்ட கேட்டு வாங்கினுபோனா." பிறகு என் முகத்தைப் பார்த்து, "மோந்தியே, இந்தப் பிள்ளைய என்ன பண்ணி வெச்சிருக்காங்க" என்று என்னைத் தன் மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அவருக்கு என் ஆண்டவனே என்பது பிரெஞ்சில்தான் வரும். வசம்பை இருந்த இடத்திலேயே, இருந்த மடிப்பிலேயே திருப்பி வைத்தேன்.

அப்பா அத்தை வீட்டிலிருந்தே பட்டறைக்குப் போய்வந்தார். அத்தை கையால்தான் சாப்பாடு, அத்தை கட்டிக்கொடுத்த கேரியர்தான். கார்த்திகை பிறக்கும் முன் ஒருநாள் பட்டறையிலிருந்து வந்தவர், அத்தை வீட்டு நடையிலேயே விழுந்து துடித்தார். பல் கிட்டிக்கொண்டது. மாமா ரிக்ஷா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சொல்லி அனுப்பினார்கள். சின்னம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு நடையும் ஓட்டமுமாகப் போனாள்.

போய்ச் சேர்ந்தபோது அத்தை டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கண்வலிக்கெழங்குங்க. முன்னாடி குடுத்தது ஒடம்புலயே தங்கிடுச்சி." டாக்டர் வயதானவர். அவர் அப்பாவின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். ஈறு ஓரத்தில், பல் தொடங்கும் இடத்தில், பேனாவால் கோடு இழுத்ததுபோல நீலக் கறுப்பாக ஒரு வரி. நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"என்ன வேலை செய்யற?"

அப்பா சொன்னார்.

"காரீயம் உருக்குற எடத்துலயா சாப்புடுவ? கை கழுவுவியா?"

"அங்கயே ஓரமா உக்காந்து... தண்ணி இருந்தா கழுவுவேன்."

டாக்டர் அத்தையைப் பார்த்தார். "அம்மா, இவன் கண்வலிக்கிழங்கு தின்னிருந்தா இத்தனை நாள் இழுத்துக்கிட்டு இருந்திருக்க மாட்டான். இது காரீயம். மாசக்கணக்கா தூசியும் புகையுமா உள்ள போயிருக்கு. வேலைய விட்டு நின்னா கொறையும், போனா ஏறும்." மறுபடியும் அப்பாவிடம் குனிந்தார். "வீட்டுக்கு அந்தச் சாமான் எதையாவது கொண்டுபோவியா?"

அப்பா தம்பியைப் பார்த்தார். தம்பியின் கையில் ஒரு மீன் இருந்தது. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது, வாயில் இன்னொன்று. சின்னம்மா ஒரே தாவலில் அவன் வாய்க்குள் விரலை விட்டு அதை எடுத்தாள். அப்பா அப்படி அழுது நான் பார்த்ததில்லை, அதற்கு முன்னும் பின்னும்.

தம்பிக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அவன் எழுத்துக் கூட்ட முடியாமல் திணறிய வருடங்களில் எல்லாம் எனக்கு அந்த மீன்கள்தான் ஞாபகம் வந்தன. வீட்டில் மிச்சமிருந்த மீனையும் வாத்தையும் படகையும் சின்னம்மா பொறுக்கி எடுத்து எங்கோ கொண்டுபோய்ப் போட்டாள். எங்கே என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துக்கொண்டது முழுக்க அவள்தான். கஞ்சி, பால், மருந்து, துடைப்பது, திருப்பிப் போடுவது. அப்பா நடக்கத் தொடங்கி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், அடுப்பை மெழுகிவிட்டு, தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"நான் எங்க வூட்டுக்குப் போறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவள் போனபிறகு வீட்டில் இருந்த அமைதியை எப்படிச் சொல்வது? தம்பி வாசற்படியில் உட்கார்ந்தால் எழமாட்டான். கயிற்றில் மயில்மாணிக்கமும் சங்கும் பூத்துக்கொண்டிருந்தன, பறிக்க ஆளில்லை. மூலையில் செங்கல் வட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அம்மாவும் இப்படித்தான் ஒரு காலையில் இல்லாமல் போனாள்.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு காலாப்பட்டு வழியாகப் போகும் பஸ் ஏறினார். சின்னம்மா வீட்டு முற்றத்தில் அவளுடைய அப்பா, அண்ணன்கள் எல்லோரும் நின்றார்கள். அப்பா தலை நிமிராமல், "வா, போவலாம்" என்றார்.

"உங்க அக்கா வந்து கூப்புடட்டும்" என்றாள் சின்னம்மா. "வந்து, எங்கையால ஒரு வேள சாப்புட்டுட்டுக் கூப்புடட்டும். வரேன்."

திரும்பி வந்து அப்பா அதை அப்படியே அத்தையிடம் சொன்னார். அவர் அதுவரை அத்தையிடம் எதையும் அப்படி நேராகச் சொன்னதில்லை. அத்தை ஆடித் தீர்த்தாள். நேற்று வந்தவள் என்னைக் கூப்பிட்டு அனுப்புகிறாளா என்றாள். இரண்டு தெருவுக்கும் கேட்டது. பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டாள். எங்களுக்குச் சோறு கொண்டுவந்து வைப்பாள், தம்பி தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் காலையில் நல்ல புடவை கட்டி, ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்புங்க" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே வந்தாள். சாலையிலிருந்து மணல் தடத்தில் இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் வேலி. வேலி முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம், கண்வலிப்பூ. கள்ளிமேலும் முள்மேலும் ஏறி, மஞ்சளும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தது. ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி அதில் ஒன்றைக் காதோரம் செருகியிருந்தாள். அத்தை புடவையை இழுத்து உடம்போடு சுற்றிக்கொண்டு, எதிலும் படாமல் நடுவில் நடந்தாள்.

சின்னம்மா வாங்க என்றாள். தண்ணீர் கொடுத்தாள். முற்றத்தில் இலை போட்டு, சோறும் முருங்கைக்கீரையும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறினாள். அவள் வீட்டு ஆட்கள் சுற்றி நின்றார்கள். அத்தை சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. பழக்க தோஷத்தில் அவள் இலைப்பக்கம் கையை நீட்டினேன், முதல் வாயை எடுக்க.

அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். "எடு கைய. எனக்குப் போட்டது."

ஒரு பெரிய கவளத்தை உருட்டி வாயில் போட்டு மென்று விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வாய். அதற்கடுத்த வாய். சின்னம்மா கரண்டியோடு அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழம்புல உப்பு கொறச்சலா போட்டிருக்க" என்றாள் அத்தை.

சின்னம்மா உள்ளே போய் உப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து இலை ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தாள். அத்தை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"சாயங்கால பஸ்ஸு எத்தினி மணிக்கு? பொட்டியில துணிய எடுத்து வெச்சுட்டியா, இன்னும் இல்லியா?"